தூண்டில் மோசடியும் வியாபாரிகளின் கூட்டுக் காவலும்

திருப்பனந்தாள் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எடை போடப்பட்ட பின், நெல்லின் விலை உழவரது பாங்குக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அப்பணத்தை எதிர்நோக்கி உழவர் கைப்பேசியைப் பார்த்திருக்கும் வேளையே திருடனுக்கும் வாய்ப்பான வேளையாகும். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இதை அழுத்துக" என்று பாங்கின் பெயரால் செய்தி வரும். அழுத்தினால் பாங்கின் பக்கத்தைப் போன்றே ஒன்று திறக்கும். அங்கே இடும் இரகசிய எண் திருடனிடம் போய்ச் சேரும். இதனையே 'பிஷிங்' என்பர்; தூண்டிலிட்டு மீன் பிடிப்பதையொட்டி எழுந்த பெயர் அது.

இத்திருட்டில் செய்தி வருவது தொலைபேசிக் கம்பெனியின் வழியே. பொய்ப்பக்கம் இருப்பது வேறொரு கம்பெனியின் கணினியில். பணம் கைமாறுவதோ இரண்டு மூன்று பாங்குகளில். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு துண்டே தெரிகிறது. ஆற்றங்கரையில் உடைப்பெடுத்தால் ஓர் ஊரார் மட்டும் மண் கொட்டிப் பயனில்லை என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

போட்டி வியாபாரிகளும் இதனை உணர்ந்தனர். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கூட்டுக்குழு தோன்றியது. 2012இல் கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ, பேபால் முதலிய நிறுவனங்கள் கூடி, மின்னஞ்சல் மெய்யான இடத்திலிருந்துதான் வருகிறதா எனச் சோதிக்கும் 'டிமார்க்' முறையை வெளியிட்டன. நம் நாட்டிலோ பாங்குகளின் இணைய முகவரிகள் 'பாங்க் டாட் இன்' என்றே முடிய வேண்டுமென ரிசர்வ் பாங்கு விதித்து, அதற்கு 2025 அக்டோபர் 31ஐக் கெடுவாகக் குறித்தது.

எனினும் நமக்கு மிகவும் பயன்படுவது 1930 என்னும் தொலைபேசி எண்ணே. அதில் புகார் பதிவானதும் பணம் சென்ற பாங்குக்குத் தகவல் போகிறது. பணம் அங்கிருந்தால் நிறுத்தி வைக்கப்படும். வேறு பாங்குக்கு மாற்றப்பட்டிருந்தால் தகவலும் அங்கே பின்தொடரும். ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டாலோ மீட்பது அரிது. நாழிகைக் கணக்கில் பணம் தப்பும் இவ்விஷயத்தில், வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பவரே பெரிதும் இழக்கிறார்.

பணம் இழந்தவர் முதலில் முறையிடுவது பெரும்பாலும் உரக்கடையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கைப்பேசிக் கடையிலோதான். ஆதலால் இவர்கள் கலந்து பேசி, ஒரு கடைக்கு வந்த பொய்ச்செய்தியை மற்றக் கடைகளுக்கும் பாங்குக் கிளைக்கும் அன்றே அறிவிப்பது நலம். வாடிக்கைக்காரர் இரகசிய எண்ணைக் கடைக்காரரிடமே சொல்லிப் பணம் அனுப்பச் சொல்லும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கடைக்காரர் நேர்மையானவராயினும் அதனை மறுத்துவிடுதல் வேண்டும். நெல் பணம் வரும் வாரங்களில் 1930ஐக் கல்லாவின் அருகே பெரிதாக எழுதி வைக்கலாம். புகார் கூறுகையில் பாங்கின் பெயர், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருத்தல் வேண்டும்.