சென்ட்ரல் நிலையத்தில் வழி அறிதல்

ஜவுளி மூட்டையுடன் சென்னை செல்லும் அங்கத்தினர்கள் இடர்ப்படுவது பெரும்பாலும் திரும்பும் வேளையில்தான். நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், சென்ட்ரலில் ஏற வேண்டிய இருவர் எழும்பூருக்குச் சென்று ஈரோட்டு வண்டியைத் தவறவிட்டிருந்தனர். மறுமுறை வாங்கிய சீட்டுகளின் தொகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று காரியதரிசி நம்மைக் கேட்டார்! சீட்டில் ‘எம்.ஏ.எஸ்.’ என்றிருப்பின் சென்ட்ரல், ‘எம்.எஸ்.’ என்றிருப்பின் எழும்பூர். ஓர் எழுத்தே பேதம்.

1873-இல் திறக்கப்பெற்ற சென்ட்ரல், 2019 முதல் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இங்குத் தண்டவாளங்கள் முடிவுறுகின்றன. ஆதலின் நெடுந்தூர வண்டிகளின் மேடைகள் யாவும் சீப்பின் பற்களைப் போல் முன்கூடத்தில் வந்து சேர்கின்றன. மூட்டையுடன் படியேற வேண்டுவதில்லை. முன்கூடத்தின் வழியே குறுக்காக நடந்தாற் போதும். எழும்பூரில் அவ்வாறன்று, மேடை மாறப் பாலம் ஏறவேண்டும்.

மேடை எண்ணை அறிவிப்புப் பலகையில் வண்டியின் ஐந்திலக்க எண்ணைக் கொண்டு காண்க; ஒரே ஊருக்குப் பல வண்டிகள் உள்ளனவாதலின் ஊர்ப்பெயர் மட்டும் போதாது. 2-க்கும் 3-க்கும் இடையே ‘2ஏ’ என ஒரு மேடை உண்டு. புதியவர் இதில் மயங்குவர்.

அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்வண்டிகள் அருகிலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. பெயர் மட்டும் எஞ்சியது. தாம்பரம் செல்வோர் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தை அடைதல் வேண்டும்.

முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு கோடிகளிலும் இணைக்கப்படும். வாயிற்புறத்துப் பெட்டி நிறைந்திருப்பின், மறுகோடி வரை சுமையுடன் நடக்க நேரிடும். அதற்கெனக் கால்மணி நேரத்தைத் தனியே ஒதுக்கிக்கொண்டு புறப்படுக.