கூடை பொய் சொல்லக்கூடாது

புரோகிராமிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ‘ஷாப்பிங் கார்ட்’ கிளாஸ் எழுதும் அசைன்மென்ட் பெரும்பாலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்துவிடும். பார்க்க ரொம்ப லேசு. பொருள்களுக்கு ஒரு பட்டியல், ‘மொத்தம்’ என்று ஒரு வேரியபிள், சேர்க்க ஒரு மெத்தட், நீக்க ஒரு மெத்தட். ஜூனியர்கள் கோடிங்கைக் கொண்டுவந்து காட்டினால், நான் முதலில் தேடுவது அந்த ‘மொத்தம்’ இருக்கிறதா என்றுதான்.

ஏன் தெரியுமா? முறுக்கு பாக்கெட் ஒன்று 1.98 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று போட்டால் 5.94. பட்டியல் பப்ளிக்காக இருந்தால், வேறொரு கிளாஸ் நேராக உள்ளே கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துவிடலாம். பட்டியலில் இரண்டுதான் இருக்கும், மொத்தம் மட்டும் 5.94-லேயே நிற்கும். எரர் எதுவும் வராது. கூடை அமைதியாகப் பொய் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

அதனால் பட்டியலை பிரைவேட் ஆக்குங்கள். மொத்தத்தைச் சேமிக்கவே வேண்டாம். கேட்கும்போது கூட்டிச் சொல்லட்டும். பிரைவேட் போட்டுவிட்டு, ஒரு மெத்தட் வழியாக அசல் பட்டியலையே வெளியே கொடுப்பவர்களும் உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். நகலைக் கொடுங்கள், போதும்.

விலையை டபுளில் வைக்காதீர்கள். ஜாவாவில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். 198 சென் என்று முழு எண்ணாக வைத்தால் தலைவலி இல்லை.

இனி நம்ம மலேசியக் கணக்கு. 2008 ஏப்ரல் முதல், கடையில் ரொக்கமாகக் கட்டும்போது பில் தொகையைப் பக்கத்து 5 சென்னுக்குக் கொண்டுவருகிறார்கள். 5.94 என்றால் 5.95. இதை ஒவ்வொரு பொருளுக்கும் செய்தால் 1.98 என்பது 2.00 ஆகி, மூன்றுக்கு 6.00 வரும். 5 சென் கூடுதல். சின்னக் காசுதானே என்று விடமுடியாது, அது வாங்குபவர் காசு.

அப்போ கூடையின் மொத்தத்தையே ரவுண்ட் பண்ணிடலாமா? அதுவும் வேண்டாம். வங்கி அட்டையில் கட்டுபவருக்குச் சில்லறைப் பிரச்சினையே இல்லை, 5.94-ஐ அப்படியே எடுக்கலாம். கூடை எப்போதும் 594 என்றே சொல்லட்டும். ரவுண்ட் பண்ணுவது ‘ரொக்கக் கட்டணம்’ என்ற தனி கிளாஸின் வேலை.

இப்போ உங்களுக்கு ஒரு பயிற்சி. மூன்று பாக்கெட் வாங்கினால் 50 சென் கழிவு. ஒன்றை நீக்கினால் கழிவும் தானாகப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கைப் பொருளிடம் கொடுப்பீர்களா, கூடையிடமா, இல்லை இன்னொரு கிளாஸா? எழுதி, ஓட்டிப் பாருங்கள்.