எரிபொருள் பம்பு ரிலேயைச் சோதிக்கும் முறை

பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் நன்கு சுழன்றும் எஞ்சின் உயிர்பெறாதபோது ஐயத்துக்கு உள்ளாகும் உறுப்புகளுள் எரிபொருள் பம்பு ரிலேயும் ஒன்று. சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, பம்புக்குரிய பெரிய மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் மின்காந்தச் சுவிட்சே ரிலே எனப்படுகிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் எஞ்சினின் கணினி பம்பை ஏறத்தாழ 2 விநாடி ஓட்டி, குழாயில் அழுத்தம் ஏற்றி நிறுத்துவது பல கார்களில் உள்ள ஏற்பாடாதலால், பெட்ரோல் டாங்க் பக்கமிருந்து அப்போது மெல்லிய ரீங்காரம் எழுகிறதா எனக் கேட்பதே முதற்படியாகும்.

ஒலி எழாவிடில் பம்பின் பியூசைப் பார்த்துவிட்டு, சாவியை அணைத்து, பியூஸ் பெட்டி மூடியிலுள்ள படத்தின் துணையால் ரிலேயைக் கண்டறிந்து, அதே பாக எண் கொண்ட ஹாரன் ரிலே போன்ற வேறொன்றை அவ்விடத்தில் பொருத்திப் பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மாற்று ரிலே இல்லாதபோது மல்டிமீட்டர் தேவைப்படும். ஜெர்மானியத் தர முறைப்படி எண்ணிட்ட ரிலேயில் 85, 86 ஆகியவை மின்காந்தக் கம்பிச்சுருளின் முனைகள். 30 என்பது பேட்டரி மின்சாரம் வந்துசேரும் முனை; 87 என்பது அது பம்புக்குச் செல்லும் முனை. 12 வோல்ட் ரிலேயில் சுருளின் மின்தடை பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை இருக்கும்; மீட்டர் எண் எதுவும் காட்டாவிடில் சுருள் அறுந்துள்ளது எனலாம். அடுத்து 85, 86 முனைகளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ‘கிளிக்’ ஒலி கேட்க வேண்டும். உறையின் மேலுள்ள படத்தில் டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு, காணப்பட்டால் அதில் குறித்துள்ள நேர்முனை, எதிர்முனையை மாற்றி இணைக்கலாகாது.

ஆனால் ‘கிளிக்’ ஒலி சுருள் இழுப்பதைக் காட்டுமேயன்றி, தொடுமுனைகள் நலமாக இருப்பதைக் காட்டாது. தீப்பொறியால் கருகிய தொடுமுனை மீட்டரின் நுண்ணிய மின்னோட்டத்தைத் தடையின்றி விட்டுவிட்டு, பம்பு கேட்கும் பல ஆம்பியரைத் தாங்காமல் போவதுண்டு. ஆகவே, பியூஸ் கோத்த ஒயர் வழியாகப் பேட்டரியின் நேர்முனையை 30இலும், 55 வாட் ஹெட்லைட் பல்பின் ஒரு முனையை 87இலும், மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் இணைத்து, சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, பல்பு எரியும்போது 30க்கும் 87க்கும் இடையிலான வோல்ட்டேஜை அளக்க வேண்டும். அது 0.2 வோல்ட்டுக்குள் அடங்குவது நன்று; அரை வோல்ட்டைத் தாண்டினால் ரிலேயை மாற்றிவிடுவதே முறை. வெயிலில் நின்ற கார் மட்டும் கிளம்ப மறுத்தால், 1980, 1990களின் ஹோண்டா கார்களில் பரவலாகக் காணப்பட்டதைப் போல, ரிலேயினுள் சால்டர் பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கக்கூடும் என்பதால் ரிலே சூடாக இருக்கும்போதே சோதிப்பது பயன்தரும்.

ரிலே நலமெனில், அதன் சாக்கெட்டில் 30, 87 துளைகளைப் பம்புக்குரிய அளவிலான பியூஸ் கோத்த ஒயரால் சில விநாடி இணைத்து, பம்பு ஓடுகிறதா எனப் பார்க்கலாம். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் இதனைச் செய்யலாகாது. எஞ்சின் நின்றாலும் விபத்து நேர்ந்தாலும் பம்பு தொடர்ந்து பெட்ரோலைத் தள்ளும் என்பதால், அந்த ஒயருடன் காரை ஓட்டுவதும் கூடாது.