தங்கச்சி, அந்த வெட்டுக்கிளிக் கணக்கு வேண்டாம்

"எனக்கு இங்கிலீஷ் வராதுக்கா." "நம்ம குடும்பத்துல யாரு யூனிவர்சிட்டி போயிருக்கா?" "இந்த வயசுக்கு மேல என்ன படிப்பு?" எங்கள் காப்பார் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது தங்கைகள் சொல்வது இது. முழு மனசோடு ஜெபிக்கிற பிள்ளைகள், திங்கட்கிழமை ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பார்த்ததும் பின்வாங்குவது எனக்கு வலிக்கிறது.

எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. கானானை வேவு பார்க்கப் போன 12 பேரில் 10 பேர் தங்களை வெட்டுக்கிளிகளாகப் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் தங்களை அப்படித்தான் பார்த்தார்கள் என்று அவர்களே முடிவுகட்டினார்கள். மீதி இரண்டு பேரான யோசுவாவும் காலேபும் பார்த்ததும் அதே மதில்களைத்தான், ஆனால் அவர்கள் 'முடியும்' என்றார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடு. உன் 'முடியாது' ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அதை முதலில் சொன்னது யார் என்று குறி. படிவம் மூன்றில் ஓர் ஆசிரியை சொன்னதா, கல்யாண வீட்டில் ஒரு அத்தை சொன்னதா? கர்த்தர் சொன்னது எத்தனை என்று எண்ணிப் பார்.

எல்லா வேலியும் நீ போட்டதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். கடன், வீட்டில் படுத்திருக்கும் அப்பா, பஸ் வராத பாதை எல்லாம் நிஜம். தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் மனசு இருண்டு கிடந்தால், அது விசுவாசக் குறைவு அல்ல. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ. குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான்.

நிஜமான வேலிக்கு முன்னால் விசுவாசம் என்ன செய்யும் என்று கேட்டால், நான் டாக்டர் மேரி வர்கீஸைத்தான் காட்டுவேன். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மருத்துவம் படித்தவர். 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வே போனது. நடக்கவேண்டும் என்றுதான் அவரும் ஜெபித்தார். கால்கள் திரும்பவில்லை, ஆனால் கைகள் இருந்தன. அதே சி.எம்.சி.யின் அறுவை சிகிச்சை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ. உணர்வில்லாத காலைப் பற்றிய ஜெபம், இருக்கிற கையைப் பற்றிய ஜெபமாக மாறிய இடத்தைக் கவனி.

மோசேயிடமும் தேவன் கையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். தனக்குத் திக்குவாய் என்று மோசே தயங்கியபோது ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். அதனால் நீயும் தனியாகப் போகாதே. பிரிக்ஃபீல்ட்ஸில் நேர்காணலா? கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறும்போது சபையில் ஓர் அக்காவைக் கூட்டிக்கொள். மலாயிலும் இங்கிலீஷிலும் உன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அவளிடமே வழியெல்லாம் பேசிப் பழகு.

பிலிப்பியர் 4:13ஐப் பரீட்சைத் தாளின் மேல் எழுதிவிட்டுப் படிக்காமல் இருக்காதே. பட்டினியிலும் நிறைவிலும் தாங்கிக்கொள்ளக் கற்றதைப் பற்றிப் பவுல் சிறையிலிருந்து எழுதியது அது. தேறவில்லை என்றாலும் மறுபடி உட்காரும் பலம் அதில் இருக்கிறது.

ஜெபத்தைக் குறுக்கிக் கேள்: "ஆண்டவரே, இன்றைக்கு இந்த ஒரு பாரத்தை நிரப்ப உதவும்." பாரத்தின் கடைசித் தேதியை இப்போதே பார். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடு. கடைசி ராத்திரி இணையம் சில நேரம் நெரிசலாகிவிடும்.