கடலூர்–சிதம்பரம் வழித்தடத்தை ஜிடிபியில் படிக்கும்படி காட்டுதல்

ஜிடிபி டீபக்கரிடம் ஒரு ஸ்ட்ரக்ட்டை அச்சிடச் சொன்னால், நினைவகத்தில் இருப்பதை இருந்தபடியே காட்டும். 615 என்பது நள்ளிரவிலிருந்து கழிந்த நிமிடங்கள் என்றோ, அந்தப் பாயின்டர் அடுத்த ரயில் நிலையத்தைக் காட்டுகிறது என்றோ அதற்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் சிறு பைத்தான் நிரலுக்குப் பிரெட்டி பிரிண்டர் என்று பெயர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபியில், 2009இல் வெளியான 7.0 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்ற நிலையங்களை லிங்க்டு லிஸ்டாக வைத்திருக்கும் ஒரு சி நிரலை எடுத்துக்கொள்ளலாம். 'நிலையம்' என்ற ஸ்ட்ரக்ட்டில் குறியீடு, பெயர், நேரம், அடுத்தது, முந்தையது ஆகியவை உண்டு. துறைமுகம் சந்திப்பில் விருத்தாசலம் பாதை பிரிவதால் 'கிளை' என்று இன்னொரு பாயின்டரும் தேவை. பட்டியலின் தலையை 'வழித்தடம்' என்ற வேறொரு ஸ்ட்ரக்ட் பிடித்திருக்கிறது.

முதலில் நிரலை '-ஜி' விருப்பத்துடன் கம்பைல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ட்ரக்ட்டின் உறுப்புப் பெயர்களே ஜிடிபிக்குத் தெரியாது. ஆப்டிமைசேஷனையும் நிறுத்திவைப்பது நல்லது.

அடுத்து 'நிலையம்' வகைக்கான பைத்தான் கிளாஸ். மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு கன்ஸ்ட்ரக்டர், அதை ஒரே வரியாக்கித் தர 'டு_ஸ்ட்ரிங்' என்ற மெதட், இரண்டும் போதும். நேரத்தை 60ஆல் வகுத்தால் ஈவு மணி, மீதி நிமிடம்: 615 என்பது 10:15 ஆகிவிடும். 'சிடிஎம் சிதம்பரம் 10:15' என்று ஒரு வரி வந்தால் வேறெதுவும் வேண்டாம். முகவரி, பைட் அளவு என்று எல்லாவற்றையும் அதில் திணித்தால் பழைய குழப்பமே புது உடையில் வரும்.

பெயர் தமிழில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'சிதம்பரம்' 9 குறி, 27 பைட், முடிவுக்குறியோடு 28. பெயருக்கு 20 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தால் 'சிதம்ப' வரை முழுதாக நின்று, அடுத்த எழுத்து பாதியிலேயே அறுந்துவிடும். சரத்தை எடுக்கும் 'ஸ்ட்ரிங்' மெதட் இதைக் கண்டதும் பிழை எழுப்பும். பெயர் திரைக்கே வராது. அதனால் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று கொடுப்பதோடு, பிழை நேர்ந்தால் மாற்றுக்குறி போடும் 'ரிப்ளேஸ்' விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அறுந்த பெயரை அறுந்தபடியே பார்த்தால்தான் பஃபர் போதவில்லை என்பது புரியும். டெர்மினலின் லொக்கேலும் யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இல்லையேல் 'ச' என்ற ஒற்றை எழுத்து \340\256\232 என்று ஆக்டல் எண்களாக வரக்கூடும்.

'வழித்தடம்' கிளாஸில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இதில் 'சில்ரன்' என்ற மெதட், நிலையங்களைப் பெயரும் மதிப்புமான இணைகளாக ஒவ்வொன்றாய் 'யீல்டு' செய்ய வேண்டும். 'டிஸ்ப்ளே_ஹின்ட்' மெதட் 'அரே' என்று திருப்பித் தந்தால் பட்டியல் வடிவில் வரும். டீபக்கரைத் திறப்பதே ஏதோ கெட்டுப்போனதால்தான். ஆகவே பட்டியல் ஒழுங்காக முடியும் என்று நம்பி லூப் எழுதக் கூடாது. பார்த்த முகவரிகளை ஒரு செட்டில் வைத்துக்கொண்டு, அதே முகவரி திரும்ப வந்தால் 'சுழற்சி' என்று காட்டி நிறுத்த வேண்டும். ஜிடிபி தானாகவே 200 உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும் என்றாலும், எல்லா உறுப்புகளையும் கேட்கும் ஐடிஇ அங்கே மாட்டிக்கொள்ளலாம். 'முந்தையது', 'கிளை' இரண்டையும் பின்தொடரவே வேண்டாம். தொடர்ந்தால் ஆலப்பாக்கத்திலிருந்து திரும்பத் துறைமுகத்துக்கே வந்து, ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்துகொண்டே போகும்.

செல்லாத முகவரியைக் காட்டும் செத்த பாயின்டர் விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். 'டிரெஃபரன்ஸ்' செய்யும்போது ஜிடிபி நினைவகத்தைத் தொடுவதில்லை. மதிப்பைப் பயன்படுத்தும் கணத்தில்தான் படிக்கும். டிரெஃபரன்ஸை மட்டும் 'டிரை'க்குள் வைத்தால் பிழை பிடிபடாது. 'டிரை'க்குள்ளேயே 'ஃபெட்ச்_லேசி'யையும் அழைத்து, 'மெமரி எரர்' வந்தால் அந்த இடத்தில் முகவரியைக் காட்டிவிட்டு முடிக்க வேண்டும்.

கிளாஸ்களைப் பதிவுசெய்ய 'ஜிடிபி.பிரிண்டிங்' மாட்யூலில் உள்ள ரெஜெக்ஸ் தொகுப்பு வசதியானது. வகைப்பெயரின் முன்னே ^ குறியும் பின்னே $ குறியும் அவசியம். விட்டால் 'நிலையம்_குழு' போன்ற வேறு வகையும் இந்தப் பிரிண்டரிடம் வந்து சேரும். பாயின்டரை அச்சிட்டால் இது வேலை செய்யாது, நட்சத்திரக் குறி போட்டு அச்சிட வேண்டும்.

கோப்பை 'சோர்ஸ்' கட்டளையால் ஏற்றி, 'இன்ஃபோ பிரெட்டி-பிரிண்டர்' கொடுத்தால் பதிவானது தெரியும். காட்டப்படுவதில் சந்தேகம் வந்தால் 'பிரிண்ட் /ஆர்' மூல வடிவத்தைத் தரும். ஒவ்வொரு முறையும் ஏற்றாமலிருக்க, இயங்கு கோப்பின் பெயரோடு '-ஜிடிபி.பிஒய்' சேர்த்து அதன் பக்கத்திலேயே வைக்கலாம். அந்தக் கோப்புறையை 'ஆட்டோ-லோட் சேஃப்-பாத்' பட்டியலில் சேர்க்காதவரை ஜிடிபி எச்சரித்துவிட்டு ஏற்ற மறுக்கும். விஎஸ் கோடில் இதே காட்சி வர, தொடக்கக் கட்டளைகளில் '-எனேபிள்-பிரெட்டி-பிரிண்டிங்' இருக்க வேண்டும். எல்எல்டிபியில் இந்தக் கிளாஸ்கள் செல்லாது. அங்கே ஒற்றை வரிக்கு 'டைப் சம்மரி', உறுப்புகளுக்கு 'டைப் சிந்தெட்டிக்' என்று தனித்தனியாக எழுத வேண்டும்.