பின் சக்கரமும் நூல் பிடிக்கட்டும்

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் 'வீல் அலைன்மென்ட்' என்ற சொல் தெரியும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கடைக்குப் போகிறோம், பணம் கட்டுகிறோம், ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். பெரும்பாலான கடைகளில் அன்று சரி செய்யப்படுவது முன் சக்கரங்கள் மட்டுமே. பின் சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கேட்பவர் மிகக் குறைவு. சாதாரணக் காரில் இதனால் டயர் வீணாகும். வேகத்துக்கென்று வாங்கிய காரில் உயிருக்கே ஆபத்து. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது பல பிள்ளைகள் அத்தகைய கார்களைப் புதிதாகவோ, இரண்டாம் கையாகவோ வாங்குகிறார்கள். ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

ரயிலிலிருந்து ஒரு பாடம்

என் பணிக்காலம் முழுவதும் ரயில் பெட்டிகளின் அடிப்பகுதியோடு கழிந்தது. அங்கிருந்து தொடங்கினால் விஷயம் எளிதில் புரியும்.

ரயில் சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையானது அல்ல. 20-க்கு 1 என்ற அளவில் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. அச்சு சற்று இடப்பக்கம் நகர்ந்தால் இடச் சக்கரம் அதன் பெரிய விட்டத்திலும், வலச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். அதனால் அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்பும். ஆனால் ஒரு போகியில் உள்ள இரண்டு அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு பலிக்காது. ஒரு பக்கத்துச் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசி மெலிந்து போகும். அதனால்தான் பணிமனையில் மூலைவிட்ட அளவுகளை எடுத்துச் சரிபார்ப்போம்.

காருக்குத் தண்டவாளம் கிடையாது. அதை நேராக ஓட வைப்பவை சக்கரங்களின் கோணங்கள்தாம். முன் சக்கரம் தவறினால் கையிலுள்ள ஸ்டியரிங் சொல்லிவிடும். பின் சக்கரம் தவறினால் சொல்வதற்கு ஆள் இல்லை.

மூன்று கோணங்கள்

1. கேம்பர். இதைச் சாய்வு எனலாம். காரின் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, வெளிப்பக்கத்துச் சக்கரம் சாலையில் முழுமையாகப் பதிவதற்காக இந்தச் சாய்வு கொடுக்கப்படுகிறது. அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும்.

2. டோ. நாம் நிற்கும்போது பாதங்களின் விரல் பக்கம் உள்நோக்கி இருக்கிறதா, வெளிநோக்கி இருக்கிறதா என்பது போன்றது இது. உள்நோக்கி இருந்தால் டோ-இன், வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். பின் சக்கரங்களுக்குச் சிறிதளவு டோ-இன் கொடுப்பதே பொது வழக்கம். வளைவில் பளு வெளிப்பக்கத்துச் சக்கரத்தின் மேல் விழும்போது அது வளைவின் உட்பக்கம் பார்த்து இருப்பதால் காரின் பின்பகுதி நிலையாக நிற்கும். டோ-அவுட் இருந்தால் அதே சக்கரம் வெளிப்பக்கம் பார்க்கும். பின்பகுதி விலகி ஓடத் தலைப்படும். ஈரச் சாலையில் கார் பம்பரமாகச் சுற்றுவதற்கு இது போதும்.

3. உந்து கோணம். இரு பின் சக்கரங்களும் சேர்ந்து சராசரியாக எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ, அத்திசைக்கும் காரின் மையக்கோட்டுக்கும் உள்ள கோணம் இது. இது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நண்டு போலச் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தபடி ஓடும்; நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும்.

ஒரு சிறு கணக்கு

பிள்ளைகள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு சக்கரம் ஓடும் திசையிலிருந்து 15 நிமிடம் விலகியிருப்பதாகக் கொள்வோம். அதன் டேன்ஜென்ட் 0.00436. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை-புனே விரைவுச் சாலையின் நீளம் சுமார் 95 கி.மீ. அதை ஒருமுறை கடந்தால் 400 மீட்டருக்கு மேல் ரப்பரைத் தரையில் தேய்த்ததற்குச் சமம். கால் டிகிரிதானே என்று அலட்சியம் செய்யக்கூடாது.

நான் நேரில் பார்த்த ஒரு கார்

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி 2017-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். 230 குதிரைத்திறன் கொண்ட கார். முந்தைய உரிமையாளர் அழகுக்காக ஸ்பிரிங்குகளை மாற்றி, காரை 30 மி.மீ. தாழ்த்தியிருந்தார். ஒரு கடையில் அலைன்மென்ட் செய்து, எல்லாம் சரி என்று தாளும் கொடுத்துவிட்டார்கள். தாளில் முன் சக்கர அளவுகள் மட்டுமே இருந்தன.

மழை நாளில் பாதை மாறும்போது பின்பக்கம் 'மிதக்கிறது மாமா' என்று அவர் சொன்னார். நான் குனிந்து, இடப்பக்கப் பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன்கள் நன்றாகவே இருந்தன. உள்ளே கம்பி தெரிந்தது. அந்த நிலையில் அவர் குடும்பத்தோடு இரண்டு முறை புனே போய் வந்திருக்கிறார்.

நான்கு சக்கரங்களையும் அளக்கும் கருவி உள்ள வேறொரு கடைக்குப் போனோம். பின்பக்க அளவுகள் இவை: கேம்பர் இடது -2 டிகிரி 40 நிமிடம், வலது -2 டிகிரி 10 நிமிடம். டோ இடது 30 நிமிடம் அவுட், வலது பூஜ்யம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 15 நிமிடம், உந்து கோணம் ஆகிறது. கார் அந்தக் கோணத்தின் வழியே ஓடுவதால் டோ பிழையை இரு சக்கரங்களும் ஆளுக்கு 15 நிமிடமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 2,680 மி.மீ. என்பதால் பின் அச்சு முன் அச்சின் தடத்திலிருந்து சுமார் 12 மி.மீ. விலகி ஓடியிருக்கிறது. கண்ணுக்கு இது தெரியாது.

சரி செய்யும் முறை

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் உயரம். ரயில் பெட்டியில் பஃபரின் உயரம் 1,105 மி.மீ.க்கு மேலும், பளுவோடு 1,030 மி.மீ.க்குக் கீழும் போகக்கூடாது என்பது விதி. அதைச் சரி செய்யாமல் மற்ற அளவுகளைத் தொடமாட்டோம். காரிலும் அப்படித்தான். கார் தாழ்ந்தால் பின்பக்கத் தண்டுகளின் கோணம் மாறுகிறது. அதோடு கேம்பரும் டோவும் மாறுகின்றன. அந்தத் தம்பியின் காரில் கேம்பர் திருகு அதன் எல்லைக்குப் போயும் அளவு வரவில்லை. ஆகவே பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் போடச் சொன்னேன். மனம் வருந்தினாலும் போட்டார்.

இரண்டாவது, ஆட்டம். தண்டுகளின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள், பேரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆடுகிற மூட்டுக்கு அளவு வைப்பது, ஆடுகிற கம்பத்தில் கொடியேற்றுவது போன்றது. நான்கு டயர்களும் ஒரே அளவில், சரியான காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் உள்ள சாமான்களை இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, கேம்பர். இவ்வகைக் காரில் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல தண்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் இரண்டின் உள்முனைகளில் மையம் விலகிய போல்ட்டுகள் உண்டு. போல்ட்டைத் திருப்பினால் தண்டின் முனை சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகரும். ஒன்று பெரும்பாலும் கேம்பரையும், மற்றொன்று பெரும்பாலும் டோவையும் மாற்றும். நட்டைத் தளர்த்தும் முன் போல்ட்டின் பழைய நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும். கடலோர ஊர்களில் இந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்துப் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்வதுண்டு. 'திரும்பவில்லை சார்' என்று மெக்கானிக் சொன்னால் அதோடு விட்டுவிடாமல் போல்ட்டையும் புஷ்ஷையும் மாற்றச் சொல்லுங்கள்.

நான்காவது, டோ. கேம்பரை மாற்றினால் டோவும் நகரும் என்பதால் இது எப்போதும் அதற்குப் பின்னரே. சக்கர மையத்துக்குப் பின்னால் உள்ள தண்டை வெளியே தள்ளினால் சக்கரத்தின் பின்விளிம்பு வெளியே போகும், முன்விளிம்பு உள்ளே வரும், அது டோ-இன். பிறகு கேம்பரை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, இறுக்குதல். கார் தன் எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதுதான் நட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழியும். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவது அவசியம்.

இவையெல்லாம் முடிந்த பிறகே முன் சக்கரங்கள். பின் அச்சின் திசையை ஆதாரமாகக் கொண்டுதான் முன் அச்சை வைக்க வேண்டும்.

அந்தக் காரில் கடைசியாக வைத்த அளவுகள்: கேம்பர் இரு பக்கமும் -1 டிகிரி 20 நிமிடம், டோ-இன் பக்கத்துக்கு 5 நிமிடம், உந்து கோணம் பூஜ்யம். இவை அந்தக் காருக்கு உரியவை. உங்கள் காருக்கு அதன் கையேடு சொல்வதே வேதம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

நூல் பிடித்துப் பார்ப்பது கொத்தனாருக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கர மைய உயரத்தில் இரு பக்கமும் நூல் கட்டுங்கள். முன் சக்கர மையங்களிலிருந்து இரு நூல்களும் சம தூரத்திலும், பின் சக்கர மையங்களிலிருந்தும் அவ்வாறே சம தூரத்திலும் இருக்க வேண்டும். இரு நூல்களுக்கும் இடைப்பட்ட தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பின் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலால் அளக்கவும். முன்விளிம்பின் தூரம் அதிகமானால் டோ-இன், குறைவானால் டோ-அவுட். 17 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் சுமார் 8 நிமிடத்துக்குச் சமம். நுட்பமாக அளவு வைக்க இது போதாது, ஆனால் பெரிய கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்காக ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களில் பின்பக்கம் முறுக்கு அச்சு ஒன்றே உண்டு. திருப்பி அளவு வைக்கப் போல்ட் கிடையாது. அங்கே அளவு தவறியிருந்தால் அச்சு வளைந்திருக்கிறதா, பேரிங்கோ புஷ்ஷோ போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'மெதுவாகப் போ' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அலைன்மென்ட் தாளில் பின் சக்கர அளவுகள் இருக்கின்றனவா? உந்து கோணம் எவ்வளவு? பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாயா? மூன்றாவது கேள்விக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அதையாவது செய்துவிடுங்கள்.