மடியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

அடுத்த வாரம் குழந்தைகள் வார்டில் போஸ்டிங் தொடங்குகிறது, எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். புத்தகம் இருக்கட்டும். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்.

வார்டுக்குள் போனதும் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்காதே. நாலடி தள்ளி நின்று பார். பிள்ளை தாய் மடியில் தூங்கினால் அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காதே. பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்பதையும் பார்.

மாணவனாக இருந்தபோது, ஒன்றரை வயதுப் பையன் ஒருவனை மடியிலிருந்து பிரித்துக் கட்டிலில் கிடத்தி, எடுத்த எடுப்பில் தொண்டையைப் பார்த்தேன். அவன் அழுத அழுகையில் மூச்சை எண்ணவே முடியவில்லை. 'நார்மல்' என்று எழுதிவிட்டேன். "நேத்து மாதிரி இல்லீங்க, முகமே வாடிக் கெடக்கு" என்று அவன் அம்மா இரண்டு தடவை சொன்னார். அதை நான் எழுதவில்லை. சாயங்காலம் அவனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த 'நார்மல்' மட்டும் இன்றும் என் கையெழுத்தில் கண்முன் நிற்கிறது. காதும் தொண்டையும் கடைசியில்தான், தம்பி. அதுவும் மடியில் வைத்தபடியே.

தாய்மார் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுது. "இழுக்குது" என்பார் ஒருவர், மூச்சிரைப்பை நினைத்து. அடுத்த கட்டிலில் அதே சொல்லுக்கு வலிப்பு என்று பொருள். "எப்படி இழுத்துச்சு, செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேள். "மாந்தம்" என்றால் வயிறு உப்பலா, வாந்தியா, பேதியா என்று பிரித்துக் கேள். சிரித்துவிடாதே. ஒரு தடவை சிரித்தால், வசம்பு உரசிக் கொடுத்ததையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மருந்தையும் உன்னிடம் சொல்லவே மாட்டார்.

டெங்குக் காலத்தில் இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிள்ளை சட்டென்று சரியும். "காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா சோந்து கெடக்கான்" என்று ஒரு தாய் சொன்னால் கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்று கேள், உடனே டியூட்டி டாக்டரிடம் ஓடு. மாணவன்தானே, நாம் சொன்னால் கேட்பார்களா என்று தயங்காதே.

ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, காலையில் பார்த்த பிள்ளையிடம் திரும்பிப் போய் மறுபடி எண்ணு. முதல் நாளின் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்